களப்பயிற்சிக்கு முந்தைய பயம்

தம்பி, முதுநிலை உளவியல் படிக்க வெளிநாடு வந்து ஏழு மாதம் ஆகிறது, அடுத்த மாதம் களப்பயிற்சி, வகுப்பில் மற்றவர்கள் மடமடவென்று பேசுகிறார்கள், எனக்குக் கிளையன்ட் (ஆலோசனை கேட்டு வருபவர்) முன்னால் உட்காரத் தகுதி இருக்கிறதா, படிக்கிற ஆசையே விட்டுப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் முதல் வருஷம் அப்படியே கண் முன்னால் வந்தது.

ஆசை போனதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். உளவியலாளர்கள் டெசியும் ரயனும் சொன்னதை நீங்களும் படித்திருப்பீர்கள்: ஒரு வேலையில் ஈடுபாடு நிலைக்க, நானாக விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வும் வேண்டும். புது நாட்டில் வந்து இறங்கியவருக்குக் கடைசி இரண்டும் ஒரே சமயத்தில் ஆட்டம் காணும். ஆசை வற்றுவது அதனால்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிளையன்டின் சம்மதத்தோடு பதிவு செய்த என் மூன்றாவது அமர்வை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்டேன். "வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை" என்கிறார் கிளையன்ட். மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல் நான் அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்கிறேன். மேற்பார்வையாளர் பதிவை நிறுத்தி, "இங்கே உனக்கு என்ன பயம்?" என்றார். சும்மா இருந்தால் மொழி தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் என்றேன். அந்த இருபது நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அடுத்த வாரம் ஒரே ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கிளையன்ட் அவராகவே பேசினார். அன்று வந்த தெம்பு எந்தப் பாராட்டிலும் எனக்கு வந்ததில்லை.

1977-ல் உளவியலாளர் பண்டூரா தன்திறன் நம்பிக்கை, அதாவது இதை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, பற்றி எழுதியதும் இதைத்தான்: தானே செய்து பார்த்து வெற்றி கண்ட அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று. ஆகவே, தைரியம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம், பெரிய நிபுணர்களின் காணொளிகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். உங்களைவிட ஒரு வருஷம் மூத்த மாணவர் தடுமாறித் தடுமாறிச் செய்வதைப் பாருங்கள். நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்க்கும்போதுதான் நமக்கும் முடியும் என்று படும்.

மொழி விஷயத்தில் ஒன்று. புரியாதபோது தலையாட்டாதீர்கள். "நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை, இன்னொரு தரம் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். திரும்பச் சொல்லும்போது பலர் முதல் தடவை விட்டதையும் சேர்த்துச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். புரிந்ததுபோல நடிப்பதுதான் கிளையன்டுக்குக் கெடுதல்.

மேற்பார்வையாளரிடம் "நன்றாகச் செய்தேனா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். தடுமாறிய ஒரு நிமிடப் பதிவைக் கொண்டுபோய், "இந்த இடத்தில் நான் வேறென்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள்.

தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். நானும் போயிருக்கிறேன். முதல் அமர்வு முடிந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.