‘பத்துக்குப் பத்து’ என்று அம்மா சொன்னால்

கேள்வி: என் அம்மாவுக்கு 48 வயது. மன்னார்குடி பக்கம் நடவு, களை வேலைக்குப் போகிறவர். மூன்று வருடமாக உடம்பெல்லாம் வலி. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பத்துக்கு எத்தனை வலி என்று டாக்டர் கேட்டால் பத்து என்கிறார், டாக்டர் நம்பவில்லை. ஸ்கேன் எடுத்தால் வலியின் அளவு தெரிந்துவிடும் என்று ஊரில் ஒருவர் காரோடு வந்து நிற்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். வலியை அளந்து சொல்கிற ஸ்கேன் கிடையாது. 50 வயதில் முதுகே வலிக்காதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். அந்த ரிப்போர்ட்டைப் படித்த நாளிலிருந்து குனியவே பயந்து படுத்துவிட்டவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன். உங்களுக்கு அடகுச் சீட்டு. (கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரி.)

அம்மா பொய் சொல்லவில்லை. மதகுப் பலகை இறங்காமல் சிக்கிக்கொண்டால் வருகிற தண்ணீரெல்லாம் வயலுக்குள் பாய்கிறதல்லவா, அப்படி நரம்பு மண்டலம் எதையும் தடுக்காமல் வலியாகவே மூளைக்கு அனுப்புகிறது. உடம்பெல்லாம் நாள்பட வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயில் நடப்பது இதுதான். போன மாதம் ஒரு அம்மாவுக்குப் பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது. “நடிக்காதம்மா” என்றான் கூட வந்த மகன். எனக்கு அந்த இழுப்பே போதுமான சேதி.

இந்த நோயின் தீவிரத்தைப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்பு 2010-இல் கொண்டுவந்தது, பிறகு திருத்தப்பட்டது. கடந்த ஒரு வாரத்தில் உடம்பின் 19 இடங்களில் வலித்த இடத்துக்கு ஒவ்வொரு மதிப்பெண். அசதி, தூங்கி எழுந்தும் தெளியாமை, மறதி மூன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஆறு மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்தால் ஒவ்வொன்று. மொத்தம் 31. ஐந்து நிமிஷ வேலை. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்காத ஓ.பி.யில் யார் கேட்பார்கள்? பத்துக்கு எத்தனை என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். நம்பமாட்டார்களோ என்று பயந்தவர் பத்து என்றுதான் சொல்வார்.

நீங்கள் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எவ்வளவு நேரம் குனிந்து நட்டார், குடத்தை இடுப்பில் வைக்க முடிந்ததா, ராத்திரி எத்தனை தடவை விழித்தார், வேலைக்குப் போன மறுநாள் எழுந்தாரா, படுத்தாரா. டாக்டர் முன்னால் அதை வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வீக்கம். காலையில் விரல் மூட்டு வீங்கி, மடக்க முடியாமல் ஒரு மணி நேரம் போகிறதென்றால் முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு நோய்) இருக்கலாம். ரத்தம் சரியாக இருந்தாலும் இருக்கலாம். ஃபைப்ரோமயால்ஜியாவும் முடக்குவாதமும் ஒருவருக்கே சேர்ந்தும் வரும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றதைத் தேடாமல் விடுகிறார்கள், அதற்குள் மூட்டு கோணிவிடுகிறது. வெறும் வலியா, வீக்கமா என்று தொட்டுப் பாருங்கள். எழுந்தவுடன் ஆறு மணிக்கே ஃபோனில் கையைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் டோக்கனைக் கூப்பிடும்போது பதினொன்றாகிவிடும், வீக்கம் வடிந்திருக்கும்.