மின்சாரம் திரும்பும்போது வி.சி.பி. ட்ரிப் ஆவது ஏன்?

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்பைக் கவனிக்கும் வாசகர் கேட்கிறார்: “எங்களிடம் 11 கிலோவோல்ட் இணைப்பில் 1000 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்று, 100/1 சி.டி.யுடன் (100 ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைத்து ரிலேக்குத் தரும் மின்னோட்ட மின்மாற்றி) இருக்கிறது. பழைய சுழல்தட்டு ரிலேயை (பிழையை உணர்ந்து பிரேக்கருக்கு ட்ரிப் ஆணை தரும் கருவி) கழற்றிவிட்டு, எண்களால் கணக்கிடும் நியூமெரிக்கல் ரிலே பொருத்தி, பழைய அட்டையில் இருந்த எண்களையே பதிந்தோம். உடனடி அலகு (குறித்த மின்னோட்டத்தைத் தாண்டியதும் தாமதமின்றி ட்ரிப் செய்வது) 8. அதன்பின், மின்தடை நீங்கி வி.சி.பி.யை (11 கிலோவோல்ட் பக்க வெற்றிட பிரேக்கர்) போடும்போது சில நாள் நிற்கிறது, சில நாள் ட்ரிப் ஆகிறது. உடனடி அலகை அணைத்துவிடலாமா?”

அணைக்க வேண்டாம். அணைத்தால், உங்கள் 11 கிலோவோல்ட் பேனலுக்குள்ளோ கேபிள் முனையிலோ ஷார்ட் சர்க்யூட் ஏற்படும்போது, நேரத்தாமத அலகு வேலை செய்யும்வரை ஏறக்குறைய அரை விநாடி வில்நெருப்பு எரியும். அந்த நேரத்தில் பேனல் முன் நிற்பவர் உங்கள் ஊழியர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் கணிப்பில் குற்றம் அந்த 8-இல் இருக்கிறது. பழைய ரிலேயில் அது சி.டி.யின் 100 ஆம்பியருக்கு 8 மடங்கு, அதாவது 800 ஆம்பியர். சில நியூமெரிக்கல் ரிலேக்களோ உடனடி அலகைப் பிக்அப் மதிப்பின் (நேரத்தாமத அலகு இயங்கத் தொடங்கும் மின்னோட்டம்) மடங்காகக் கணக்கிடுகின்றன. உங்கள் பிக்அப் 65 ஆம்பியர் என்றால், அதே 8 என்பது வெறும் 520 ஆம்பியர்தான். உங்கள் ரிலே எந்த அடிப்படையில் கணக்கிடுகிறது என்பதைக் கையேட்டில் முதலில் பாருங்கள்.

மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம், 1000-ஐ 1.732 மற்றும் 11-ஆல் வகுக்க, 52.5 ஆம்பியர். மின்மாற்றியை மின்னேற்றும் கணத்தில் பாயும் காந்தமேற்று மின்னோட்டம் இதைப்போல் 8 முதல் 12 மடங்கு, அதாவது 420 முதல் 630 ஆம்பியர் வரை போகலாம். அது எவ்வளவு உயரும் என்பது, மின்னழுத்த அலையின் எந்தப் புள்ளியில் பிரேக்கர் மூடுகிறது, உள்ளகத்தில் எவ்வளவு காந்தம் எஞ்சியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. அது 520-ஐத் தாண்டும் நாளில் மட்டும் ட்ரிப் ஆவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பழைய 800-க்குத் திரும்புவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்மாற்றியின் மின்மறுப்பு 5 சதவீதம் என்றால், 433 வோல்ட் பக்கத்தில் நேரும் முழு ஷார்ட் சர்க்யூட் 11 கிலோவோல்ட் பக்கத்தில் 1050 ஆம்பியராகத் தெரியும். 800-இல் வைத்தால், 433 வோல்ட் பக்க பிரேக்கரான ஏ.சி.பி. திறந்து முடிக்க வேண்டிய பிழைக்கும் வி.சி.பி. முந்திக்கொள்ளும். ஆகவே 1050-க்கு மேல் சுமார் 30 சதவீதம் இடைவெளி விட்டு 1400 ஆம்பியர் வையுங்கள், சி.டி. அடிப்படையில் அது 14 மடங்கு, 65 ஆம்பியர் பிக்அப் அடிப்படையில் 21.5 மடங்கு. உங்கள் இணைப்பு முனையின் பிழைத்திறனை மின்வாரியத்திடம் கேட்டு வாங்குங்கள். எடுத்துக்காட்டாக அது 150 எம்.வி.ஏ. என்றால் பிழை மின்னோட்டம் ஏறத்தாழ 7,870 ஆம்பியர், 1400-ஐ அது தாராளமாகத் தாண்டும். சி.டி. 5பி10 வகை எனில், அது சரியாக அளக்கும் 10 மடங்கு என்ற வரம்பு முழு பர்டனுக்கு (சி.டி.மேல் விழும் சுமை) உரியது. நியூமெரிக்கல் ரிலேயின் பர்டன் மிகச் சிறிது என்பதால் நடைமுறை வரம்பு உயரும், ஆனாலும் கம்பி நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு உறுதிசெய்யுங்கள்.

நேரத்தாமத அலகுக்கு 65 ஆம்பியர் பிக்அப் பொருத்தமானது. அது முழுச்சுமையைவிட ஏறத்தாழ 24 சதவீதம் கூடுதல். சாதாரணத் தலைகீழ் வளைவில் (மின்னோட்டம் கூடக் கூட நேரம் குறைவது) 1050 ஆம்பியர் என்பது பிக்அப்பின் 16 மடங்கு, டி.எம்.எஸ். (நேரப் பெருக்கி) 1-இல் 2.45 விநாடி ஆகும். ஏ.சி.பி.யின் குறுந்தாமதம் 0.2 விநாடியாக இருந்தால், 0.3 விநாடி இடைவெளி சேர்த்து 0.5 விநாடி வேண்டும், டி.எம்.எஸ். 0.2 அதைத் தரும். மின்வாரியத் துணைமின்நிலைய ஃபீடர் ரிலே இதற்கும் பின்னர்தான் இயங்க வேண்டும் என்பதால், எண்களை அவர்களின் எம்.ஆர்.டி. (மீட்டர், ரிலே சோதனை) பிரிவுக்குக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே பதியுங்கள்.

எர்த் ஃபால்ட்டுக்கு (நிலப்பிழைக்கு) இத்தனை தயக்கம் தேவையில்லை. டெல்டா–ஸ்டார் மின்மாற்றியில் கீழ்ப்பக்க நிலப்பிழை மேல்பக்க எர்த் அலகுக்குத் தெரியாது. எனவே 20 ஆம்பியரில் வைக்கலாம். மூன்று சி.டி.களின் எச்சத்தை (மூன்றின் கூட்டு மின்னோட்டம்) ரிலே அளக்கிறது என்றால், மின்னேற்றத்தின்போது அவை ஒன்றுபோல் நிறைவுறாமல் பொய்யான மின்னோட்டம் தோன்றும் என்பதால், டி.எம்.எஸ். 0.1 போன்ற சிறு தாமதம் கொடுங்கள். கடலோரத்தில் உப்புப் படிந்த இன்சுலேட்டர்களில் பனி இறங்கும் அதிகாலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகை; உணர்திறனைக் குறைத்துவிடாதீர்கள்.

பதிந்தபின், உரிமம் பெற்றவரைக் கொண்டு செகண்டரி இன்ஜெக்‌ஷன் சோதனை (ரிலேக்குச் செயற்கையாக மின்னோட்டம் செலுத்திப் பார்ப்பது) செய்யுங்கள். சி.டி.யின் செகண்டரியை மின்னோட்டம் இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். முனைகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் எழும். கடைசியாக, ட்ரிப் பேட்டரியின் முனைகளில் உப்பரிப்பைத் துடைத்து, ரிலேயிலிருந்தே ட்ரிப் ஆணை கொடுத்து வி.சி.பி. உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள்.