அப்பா வீட்டில் பங்கு வேண்டாம் என்றால் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அம்மா, அண்ணன், தம்பி, நான் என நான்கு பேர். என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நினைக்கிறேன். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதுமா?
- வாசகி, தேனி

பதில்: போதாது. அசையாச் சொத்தில் உரிமையை விடும் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவாகாத தாளை நம்பி அண்ணன் நாளை வீட்டை அடமானம் வைக்கப் போனால், வங்கி வக்கீல் மறுபடியும் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார். நீங்கள் எழுத வேண்டியது விடுதலைப் பத்திரம்.

இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பா இறந்த நாளில் அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. அப்போது பங்கு ஐந்தாகிவிடும். பாட்டியை மறந்து எழுதினால், பின்னாளில் அத்தையும் சித்தப்பாவும் பாட்டியின் பங்கைக் கேட்டு வழக்குப் போடலாம். வாரிசுச் சான்றிதழை முதலில் சரிபாருங்கள்.

அண்ணனுக்கு மட்டும் என்றால் அவர் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். அவர் பங்கு பாதியாகும். மற்ற மூவருக்கும் பொதுவாக எழுதினால் தம்பிக்கும் அம்மாவுக்கும் சேர்ந்தே போகும். அண்ணியின் பெயருக்கு விடுதலை எழுத முடியாது. ஏற்கெனவே அந்தச் சொத்தில் பங்குள்ளவருக்குத்தான் விடுதலை செல்லும்.

வரைவை வரிவரியாகப் படியுங்கள். ‘குடும்பத்தின் எந்தச் சொத்திலும் இனி எனக்கு உரிமையில்லை’ என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அம்மாவின் கால் பங்கு தனி. அவர் உயில் எழுதாமல் காலமானால் அதில் மூன்றில் ஒன்று, அதாவது வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, உங்களுக்கு வரும். அப்பாவின் சொத்துக்காக எழுதும் பத்திரத்தில் அதைக் கைவிட வேண்டியதில்லை. சர்வே எண், கதவு எண், நான்கு எல்லையோடு இந்த வீட்டை மட்டும் சொத்து விவரத்தில் காட்டினால் போதும்.

பணம் வாங்குகிறீர்கள் என்றால் டி.டி. எண்ணும் தேதியும் பத்திரத்திலேயே வரட்டும். பணம் கைக்கு வராமலே ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், பிறகு வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான்.

குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு, விடும் பங்கின் மதிப்பில் 1% முத்திரைத் தீர்வை, 1% பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாயாக உயர்ந்தது. 40 லட்சம் ரூபாய் வீட்டில் உங்கள் பங்கு 10 லட்சம் என்றால் இரண்டும் தலா 10,000. கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அடையாள அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். பதிவு முடிந்ததும் அண்ணன் பட்டா மாற்றத்தையும் முடித்துவிட வேண்டும்.

பதிவான பிறகு மனம் மாறினால் நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில், விவரம் தெரிந்த மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆகவே, அப்பாவின் காரியம் முடிந்த கையோடு யாராவது கையெழுத்துக் கேட்டால் அவகாசம் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

கேள்வி: அப்பா உயிரோடு இருக்கிறார். அவர் சுயமாக வாங்கிய நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று இப்போதே எழுதச் சொல்கிறார் தம்பி. செல்லுமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: அந்த நிலத்தில் இன்று உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, இல்லாததை விட முடியாது. சொத்து மாற்றச் சட்டம் 6-ஆம் பிரிவு, நாளை வாரிசாக வரக்கூடும் என்ற வெறும் எதிர்பார்ப்பைக் கைமாற்ற இடம் தரவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தந்தால் கதை வேறு. அப்படி எழுதித் தந்து, தந்தைக்கு முன்பே இறந்துபோன ஒரு மகனின் பிள்ளைகளும் பங்கு கேட்க முடியாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் தம்பிக்கே போக வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம் என்றால், அவரே உயிலோ செட்டில்மென்ட்டோ எழுதலாம். அதற்கு உங்கள் கையெழுத்துத் தேவையில்லை.