இறந்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது: யூத வழக்கம் பற்றிக் கேள்வி பதில்

என் மனைவி வீட்டார் போலந்திலிருந்து அமெரிக்கா போன அஷ்கனாசிகள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தபோது நடந்த பஞ்சாயத்தில் கற்றுக்கொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

என் யூத நண்பனிடம், “மகனுக்கு உன் அப்பா பெயரையே வையேன்” என்றேன். பதறிப்போனான். ஏன்?

அப்பா உயிரோடு இருக்கிறாரா? அப்படியென்றால் பதறத்தான் செய்வான். அஷ்கனாசிகள் இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். இருப்பவர் பெயரை வைத்தால் அவர் சாவுக்குக் காத்திருப்பதுபோல ஆகிவிடும். மரணதூதன் ஆள் மாறிக் குழந்தையைத் தூக்கிப் போய்விடுவான் என்று பாட்டிமார் மிரட்டுவதும் உண்டு. இது சட்டம் இல்லை, வழக்கம்தான். ஸ்பெயின் வழிவந்த செபார்டிகள் நேர் எதிர்: தாத்தா இருக்கும்போதே மூத்த பேரனுக்கு அவர் பெயரை வைப்பார்கள், அவருக்கும் பெருமை பிடிபடாது. ‘பெயரன்’தான் பேரன் ஆனான் என்று சொல்லும் நமக்கு அவர்கள்தான் நெருக்கம்.

மனைவியின் தாத்தா பெயர் ஹிர்ஷ். அதை அப்படியே வைத்தால் பள்ளியில் கேலி செய்வார்களே?

அப்படியே வைக்க வேண்டியதில்லை. அஷ்கனாசிகளின் பேச்சுமொழியான யித்திஷில் ஹிர்ஷ் என்றால் மான், ஹீப்ருவில் ஸ்வி. இரண்டையும் சேர்த்து ‘ஸ்வி ஹிர்ஷ்’ என்று வைப்பது பழைய வழக்கம். கரடிக்கு ‘டோவ் பெர்’, சிங்கத்துக்கு ‘அர்யே லெய்ப்’. பாட்டி பெயர் ஃபெய்கா என்றால் பறவை. பேத்திக்கு சிப்போரா என்று வைக்கலாம், நம் பைபிளில் வரும் சிப்போராள்தான்.

அமெரிக்காவில் பலர் முதல் ஒலியை மட்டும் எடுத்து, ஹிர்ஷுக்காக ஹென்றி என்று வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் படும். ஆனால் மதச் சடங்குகளுக்கென்று கூடவே வைக்கும் ஹீப்ருப் பெயர் சரியாக இருந்தால் போதும். யூத வேதமான தோராவை வாசிக்க அழைப்பதும் திருமண ஒப்பந்தத்தில் எழுதுவதும் அதைத்தான்.

பாட்டியின் ஹீப்ருப் பெயர் வீட்டில் யாருக்குமே தெரியவில்லை. எங்கே தேடுவது?

கல்லறையில். என் மனைவியின் பாட்டியை எல்லோரும் ரோஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ரோஜாதானே, ஹீப்ருவில் ஷோஷனாவாக இருக்கும் என்று மகளுக்கு அதையே முடிவு செய்துவிட்டோம். எதற்கும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். கல்லின் கீழ்ப்பாதி முழுக்கப் பாசி. ஈரத்துணியால் துடைத்து, ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் எழுத்து மேலெழுந்து தெரிந்தது: ‘ராகேல் பத் யோசெஃப்’. ‘பத்’ என்றால் மகள், ஆணுக்கு ‘பென்’. பாட்டி பெயரைத் தேடிப் போனவர்களுக்குக் கொள்ளுத்தாத்தா பெயரும் கிடைத்தது. வழக்கப்படி கல்லின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு வந்தோம். மகள் ராகேல் ஆனாள்.

சின்ன வயதில் விபத்தில் போன மாமா பெயரை வைக்கலாமா?

பலர் தயங்குவார்கள். அவர் விதியும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். கூடவே நீண்ட நாள் வாழ்ந்த ஒருவர் பெயரையோ, ‘வாழ்வு’ என்று பொருள்படும் ஹயிம் என்ற பெயரையோ சேர்த்துக்கொள்வார்கள். ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு முன் மாமாவின் அம்மா இருந்தால் அவரைக் கேளுங்கள்.

தாத்தா பெயர், ஆனால் பிறந்தது பெண்?

மெயிர் மெய்ரா ஆகும், ஹயிம் ஹயா ஆகும். சிம்ஹா, யோனா இரண்டும் இருபாலுக்கும் பொருந்தும்.

அதே பெயரைக் கொழுந்தியாள் முந்திக்கொண்டு வைத்துவிட்டாளே!

நீங்களும் வையுங்கள். இறந்தவர் பெயருக்கு யாரும் பட்டா வாங்கவில்லை. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இது நல்ல தடயம்கூட: பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரே பெயர் என்றால், அந்தப் பெயர்க்காரர் அவர்களில் மூத்தவன் பிறக்கும் முன்பே இறந்திருப்பார் என்று யூகிக்கலாம்.

பெயரை எப்போது வெளியில் சொல்வார்கள்?

ஆண் குழந்தைக்கு 8ஆம் நாள், விருத்தசேதனத்தின்போது. பெண்ணுக்குப் பெரும்பாலும் ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்கும் ஒரு நாளில். அதுவரை மூச்சு விடமாட்டார்கள். என் மகனை அந்த எட்டு நாளும் ‘குட்டி’ என்றுதான் கூப்பிட்டோம். தமிழ் தெரியாத என் மாமியாருக்கு இன்றுவரை அவன் குட்டிதான்.