டிப் லாக்கை எப்போது போடுவது, எப்போது எடுப்பது? வாசகர் கேள்வி – பதில்

வடக்கே ரப்பர், கிராம்புத் தோட்டங்களுக்கு ஏறும் மலைப்பாதை, நடுவில் நாஞ்சில் நாட்டு வயல், தெற்கே கடற்கரை மணல். குமரி மாவட்டத்தில் இந்த மூன்று தரையிலும் வண்டி இறக்குகிறவர்கள் டிபரன்ஷியல் லாக் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். டிபரன்ஷியல் என்பது, திருப்பத்தில் ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கர அமைப்பு. அதைப் பூட்டி இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைப்பதே லாக், சுருக்கமாக டிப் லாக்.

தோட்டத்துக்கு ஏறும் சரல் பாதையில் மழைத்தண்ணீர் ஓடி இரண்டு பக்கமும் ஆழமாகச் சால் விழுந்துவிட்டது. ஃபோர்வீல் போட்டும், முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கச் சக்கரமும் சும்மா சுற்றுகின்றன, வண்டி நகர்வதில்லை. முன், பின் இரண்டிலும் லாக் உள்ள வண்டி. எந்தக் கட்டத்தில் போட வேண்டும்?
– வாசகர், கீரிப்பாறை

எஞ்சினில் வலு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டாத டிபரன்ஷியல், ஒரு ஆக்சிலின் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுற்ற 50 நியூட்டன் மீட்டர் போதும் என்றால், மண்ணில் அழுந்தி நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே 50தான் போய்ச் சேரும். அதை வைத்து வண்டி மேடேறாது. மிதிக்க மிதிக்க, தொங்கும் சக்கரம்தான் வேகமெடுக்கும். ஃபோர்வீல் போட்டதும் முன் ஆக்சிலுக்கும் விசை போகிறது, உண்மைதான். ஆனால் அங்கேயும் ஒரு டிபரன்ஷியல் உட்கார்ந்திருக்கிறது. சாலில் வண்டி குறுக்காக முறுக்கிக்கொண்டு நிற்கும்போது முன் இடதும் பின் வலதும் பளு இழந்துவிட்டால், இரண்டு டிபரன்ஷியலும் ஒரே நேரத்தில் கைவிடும். லாக் போட்டால் இரண்டு அரை ஆக்சிலும் ஒன்றாகவே சுற்றியாக வேண்டும். எந்தச் சக்கரத்துக்குத் தரையில் பிடி இருக்கிறதோ, விசை அங்கே போகும்.

போட வேண்டிய நேரம், சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகு அல்ல, அதற்கு முன்பு. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் பாதி உதிரிபாகச் செலவு மிச்சம். பெரும்பாலான லாக்குகளில் பற்களுள்ள ஒரு வளையம் நகர்ந்து மறுபக்கப் பற்களில் விழுந்து பூட்டுகிறது. ஒரு சக்கரம் நின்று மறு சக்கரம் பறந்துகொண்டிருக்கும்போது சுவிட்சைத் தட்டினால், அந்த வேகம் முழுவதும் ஒரே அடியில் நிற்கும். பற்களின் முனை உடையலாம். ஆக்சில் ஷாப்டின் முனையிலுள்ள பல்வரிசை (ஸ்பிளைன்) முறுக்கிக்கொள்ளலாம். சில சமயம் ஷாப்டே முறியும்.

அதனால் சாலுக்குப் பத்து, பதினைந்து அடி முன்பே நிறுத்தி இறங்கி நடந்து பாருங்கள். எந்தச் சக்கரம் எங்கே தூக்கும், டிபரன்ஷியல் கூடு எந்தக் கல்லில் தட்டும் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். நியூட்ரலில் நின்றபடியே ஃபோர்வீல் லோவுக்கு (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் குறைவேக நிலைக்கு) மாற்றுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பின் லாக்கை மட்டும் போடுங்கள். டேஷ்போர்டில் லாக் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் லாக் இன்னும் விழவில்லை, பற்கள் நேருக்கு நேர் வரவில்லை என்று பொருள். முதல் கியரில் ஒரு முழம், இரண்டு முழம் மெதுவாக உருட்டி, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைத்தால் விழுந்துவிடும். விளக்கு நிலையாக எரியும். பிறகு ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்து, நடை வேகத்தில் ஏறுங்கள். பெரும்பாலான இடங்களுக்குப் பின் லாக் ஒன்றே போதும்.

முன் லாக்கைப் போடுவது, பின் லாக் போட்டும் நகராத இடத்தில் மட்டும். அதைப் போட்டதும் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். முன் லாக் போட்ட நிலையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மிதித்தால் முன் ஆக்சிலின் ஜாயின்ட்டுகள்தான் முதலில் பலியாகும்.

இன்னொன்று. வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்து சக்கரங்கள் தொங்கினால் எந்த லாக்கும் உதவாது. அது ஜாக்கியும் கல்லும் மண்வெட்டியும் செய்கிற வேலை.

மேடு ஏறிய பிறகு லாக்கை எடுக்க மறந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டால் என்ன ஆகும்?
– வாசகர், குலசேகரம்

வண்டி 90 டிகிரி திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட எவ்வளவு கூடுதலாக ஓட வேண்டும் என்பது, வளைவு அகலமா குறுகலா என்பதைப் பொறுத்ததல்ல; இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலத்தை மட்டுமே பொறுத்தது. அந்த அகலம் ஒன்றரை மீட்டர் என்றால் வித்தியாசம் சுமார் 2.4 மீட்டர். ஜீப் வகை டயருக்கு அது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. கொண்டை ஊசி வளைவில் அதுவே இரண்டு சுற்று. ஈர மண்ணில் டயர் சறுக்கி இந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதும் ஆக்சிலில் ஏறும். கீச்சென்ற சத்தம், வளைவில் முட்டிமுட்டிப் போகும் வண்டி, தேயும் டயர், கடைசியில் முறிந்த ஷாப்ட். மழை பெய்த தார் ரோட்டில் ஆபத்து வேறு மாதிரி: பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும்.

சுவிட்சை அணைத்தும் விளக்கு அணையவில்லையா? உள்ளே முறுக்கு தங்கியிருக்கிறது. நேராக இரண்டு மீட்டர் பின்னால் எடுத்து ஸ்டீயரிங்கை லேசாக அசையுங்கள், விடுபட்டுவிடும். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்க்காமல் ரோட்டில் ஏற்ற வேண்டாம்.

என் மஹிந்திரா தார் வண்டியில் லாக் உண்டு என்றுதான் வாங்கும்போது சொன்னார்கள். சுவிட்சே இல்லையே?
– வாசகர், அழகியமண்டபம்

2020இல் வந்த தார் மாதிரியின் சில வகைகளில் பின் ஆக்சிலில் இருப்பது தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக். இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தொட்டதும் உள்ளே உள்ள எடைக்குண்டுகள் விரிந்து, கிளட்ச் தட்டுகள் இறுகி, தானே பூட்டிக்கொள்ளும். வேகமாக ஓடும்போது பூட்டாமலிருக்க உள்ளேயே தடுப்பும் உண்டு.

சக்கரம் சுற்றும் முன்பே போட வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னது இங்கே தலைகீழ். இந்த வகைக்குக் கொஞ்சம் சுற்ற விட்டுத்தான் ஆக வேண்டும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிட்டால் 100 சுற்று வித்தியாசம் வராது, லாக்கும் விழாது. ‘லாக் வேலை செய்யவில்லை’ என்று மெக்கானிக்கிடம் போகிற பல வண்டிகளின் கதை இதுதான். சீராக மிதித்துப் பிடியுங்கள். ‘டக்’கென்று ஒரு தட்டு கேட்கும், வண்டி நகரும். அதற்காக ஒரேயடியாக மிதிக்கவும் கூடாது, பூட்டும் அடி பலமாக விழும்.

மாருதி சுஸுகியின் ஜிம்னியில் இருப்பது லாக்கே அல்ல. சும்மா சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளும் ஏற்பாடு. அதற்கும் காலை எடுக்காமல் மிதித்துப் பிடிப்பதே வழி.

மலைத்தோட்டத்தில் ஒரு பக்கம் சரிந்த வழுக்குப் பாதையில் லாக் போடலாமா? இறக்கத்தில்?
– வாசகர், பூதப்பாண்டி

பக்கச் சரிவில் வேண்டாம். லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுற்றினாலும் மறு சக்கரம் மண்ணைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டில் நகரவிடாமல் நிறுத்தும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்தே வழுக்கும். அந்தக் கணமே வால்பக்கம் பள்ளத்தை நோக்கி இறங்கும். ரப்பர்ச் சருகு மூடிய ஈர மண்ணில் இதற்கு எச்சரிக்கை நேரம்கூடக் கிடைக்காது. சரிவில் போகும்போது சக்கரம் சுற்றத் தொடங்கினால் காலை எடுங்கள், ஸ்டீயரிங்கைப் பள்ளப் பக்கம் லேசாகத் திருப்பி வண்டியை நேர் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

நேரான செங்குத்து இறக்கத்தில், பாதை மேடுபள்ளமாக இருந்தால், பின் லாக் நல்லது. எஞ்சின் பிடிமானமும் (காலை எடுத்ததும் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பது) டிபரன்ஷியல் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறது. ஒரு சக்கரம் தூக்கினால் அந்தப் பிடிமானமும் அதோடு போய்விடும், வண்டி திடீரென்று ஓடும். லாக் அதைத் தடுக்கும். இறக்கத்தில் வளைவு வந்தால் அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

வனத்துறை எல்லையைப் பற்றியும் ஒரு சொல். 2008 முதல் இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். தோட்ட வேலைக்கான அனுமதி இல்லாமல், வண்டியின் திறனைப் பார்ப்பதற்காக உள்ளே போகவே கூடாது.

வலை, எஞ்சின் ஏற்றிய பிக்கப்பைக் கடற்கரை மணலில் எடுக்க வேண்டியிருக்கிறது. லாக் போட்டும் புதைகிறது.
– வாசகர், ராஜாக்கமங்கலம் துறை

மணலில் முதல் மருந்து காற்று, லாக் அதற்குப் பிறகுதான். சுமை இல்லாத ஜீப்புக்கு 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். டியூப்லெஸ் டயரை 15க்குக் கீழே கொண்டுபோனால் திருப்பும்போது ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சுமை ஏற்றிய பிக்கப்பில் அவ்வளவு குறைக்கக் கூடாது. வழக்கமாக அடிக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பாருங்கள். ரோட்டில் ஏறும் முன் திரும்ப அடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

லாக்கை நேராகக் கிளம்பும்போது மட்டும் போட்டு, வண்டி ஓட்டம் பிடித்ததும் எடுத்துவிடுங்கள். மணலில் லாக் போட்டுத் திரும்பினால் முன்சக்கரம் மணலை உழுதுகொண்டு நேரே போகும். சக்கரம் சுற்றி வண்டி நகராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். லாக் போட்ட இரண்டு சக்கரமும் ஒன்றாகவே தோண்டும், ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிடும். சக்கரத்தின் முன்பக்க மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஆண்டின் முதல் மூன்று, நான்கு மாதங்கள் ஆமை முட்டையிடும் காலம். அலை எட்டாத மேல் மணலில் முட்டைக்குழி இருக்கலாம், வண்டி அங்கே ஏற வேண்டாம்.

தொளி (சேற்றுழவு) அடிக்கும்போது டிராக்டரின் ஒரு சக்கரம் புதைந்து சுற்றுகிறது. லாக் பெடலை மிதித்துக்கொண்டே வரப்போரம் திருப்பலாமா?
– வாசகர், தோவாளை

கூடாது. லாக் விழுந்திருக்கும்போது டிராக்டர் திரும்பாது. ஒரு பக்கப் பிரேக்கை மிதித்தும் பயனில்லை, டிபரன்ஷியலின் கிரவுன் பல்சக்கரத்துக்குத்தான் சேதம். கிளட்சை மிதித்துச் சுற்றும் சக்கரத்தை நிறுத்துங்கள், லாக் பெடலை மிதியுங்கள், கிளட்சை மெதுவாக விடுங்கள். புதைந்த இடம் தாண்டியதும் பெடலை விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப எடுத்துவிடும். எடுக்காமல் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கப் பிரேக்கைச் சற்றே தொட்டு விடுங்கள். முறுக்கு தளர்ந்து கழன்றுவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. லாக் போட்டும் இரண்டு சக்கரமும் புதைந்து அசையவில்லை என்றால் மேலும் மிதிக்கவே வேண்டாம். சக்கரத்தில் மரக்கட்டை கட்டி ஏற்றும் பழக்கம் உயிரைக் குடித்துவிடும். சக்கரம் சுற்ற முடியாதபோது அந்த விசை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும். ஓட்டுகிறவர் குதிக்க நேரமில்லாமல் வண்டி பின்பக்கமாகக் கவிழும். கலப்பையைக் கழற்றிவிட்டு, இன்னொரு டிராக்டரை வைத்து முன்பக்கமிருந்து இழுங்கள்.

பழைய ஜீப்பின் பின் டிபரன்ஷியலை வெல்டிங் அடித்தால் லாக் போட்ட மாதிரிதான், செலவும் குறைவு என்கிறார்களே?
– வாசகர், மார்த்தாண்டம்

ரோட்டில் ஓடும் வண்டியில் செய்யாதீர்கள். அது எப்போதுமே எடுக்க முடியாத லாக். மேலே சொன்ன 2.4 மீட்டர் கணக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் வரும், இந்த மாவட்டத்தில் திருப்பம் இல்லாத ரோடு எங்கே இருக்கிறது? வேண்டுமானால் உங்கள் ஆக்சிலுக்குப் பொருந்தும், போட்டு எடுக்கக்கூடிய லாக்கை வாங்குங்கள். அதற்குக் காசு சேரும்வரை நல்ல மட் டயரும் சரியான காற்றும் போதும்.

பத்து வீல் டிப்பரில் இரண்டு லாக் சுவிட்ச் உள்ளது. எதை முதலில் போடுவது?
– வாசகர், தக்கலை

முதலில் இரண்டு பின் ஆக்சிலையும் இணைக்கும் லாக். அதுவும் போதாதபோது சக்கரங்களுக்கு இடையிலான லாக். இரண்டையும் சக்கரம் சுற்றாத நிலையில்தான் போட வேண்டும். குவாரியில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டே வண்டியை எடுக்கப் பார்த்தால் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே உள்ள சிறு டிபரன்ஷியல் பல மடங்கு வேகத்தில் ஓடும். எண்ணெய்ப் படலம் விலகி, அதன் சிலுவை வடிவ அச்சும் பல்சக்கரமும் சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முழு யூனிட்டையும் இறக்க வேண்டியதுதான்.

ஓடையில் இறங்கி வந்த பிறகு டிபரன்ஷியலில் என்ன பார்ப்பது?
– வாசகர், பேச்சிப்பாறை

ஓடிச் சூடான கூடு தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்றை இழுக்கும். கூட்டுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ சீல் வழியாகவும் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்விடும். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், அடிப்பக்க டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தாலோ முழுவதையும் மாற்றுங்கள். கிளட்ச் தட்டு உள்ள லாக்குகளுக்கு வண்டிக் கையேட்டில் சொன்ன கிரேடு எண்ணெயையே ஊற்ற வேண்டும். வேறு எண்ணெயில் தட்டுகள் வழுக்கும் அல்லது வளைவில் அதிரும். பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.