லிப்ஸ்டிக் முதல் ஹேர் டை வரை: துணியில் ஏறிய மேக்கப் கறைகள், கேள்வி பதில்

மேடை நாடக உடைகளைத் துவைத்துப் பராமரிப்பது என் வேலை. முகத்தில் பூசுகிற எதுவும் கடைசியில் காலரிலும் கைப்பட்டையிலும்தான் வந்து சேரும் என்பதால், இந்தக் கறைகளோடு மல்லுக்கட்டியே பொழுது போகிறது. கேள்வி அனுப்புகிறவர்கள் கறையின் நிறத்தை மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. என்ன பொருள், என்ன துணி, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள், இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, வெள்ளை காட்டன் சட்டைக் காலரில் சிவப்பு லிப்ஸ்டிக் பட்டுவிட்டது. உடனே தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், இப்போது பரவி ரோஸ் நிறத்தில் பெரிதாக நிற்கிறது. போகுமா?

பதில்: போகும், பயப்படாதீர்கள். லிப்ஸ்டிக் என்பது மெழுகும் விளக்கெண்ணெய் மாதிரியான எண்ணெய்களும் சேர்ந்த கட்டி, அதற்குள்தான் நிறப்பொடி இருக்கிறது. தண்ணீர் மெழுகை ஒன்றும் செய்யாது, நீங்கள் தேய்த்த தேய்ப்பு நிறத்தை மட்டும் நூலுக்குள் தள்ளிவிட்டது. முதலில் எண்ணெயையும் மெழுகையும் எடுக்க வேண்டும், தண்ணீர் எல்லாம் அப்புறம்தான்.

ஒரு பழைய வெள்ளைத் துணியை நாலாக மடித்து மேசையில் போட்டு, அதன்மேல் சட்டையின் கறைப் பக்கம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். பின்பக்கத்திலிருந்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒத்துங்கள், தேய்க்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தூக்கிப் பார்த்தால் அடித்துணியில் அடர்சிவப்பாக ஒரு வட்டம் இறங்கியிருக்கும். துணியைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்தி மறுபடி ஒத்துங்கள், வட்டம் ரோஸ் ஆகும், பிறகு வெளிறும், கடைசியில் நிறமே இல்லாமல் ஈரம் மட்டும் இறங்கும். அந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடை அப்படியே, தண்ணீர் கலக்காமல், விரல் நுனியால் தடவிப் பத்து நிமிடம் விட்டு வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். இதற்குப் பிறகும் லேசான ரோஸ் சாயல் தெரிந்தால் அது சாயம் மட்டும்தான், வெள்ளைக் காட்டன் என்பதால் ஆக்சிஜன் பிளீச், அதாவது குளோரின் இல்லாத வெளுப்புப் பொடி, கரைத்த நீரில் சில மணி நேரம் ஊற வைத்தால் விட்டுவிடும். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஸ்பிரிட் போட்டும் அசையவில்லை, இது கப்பில்கூட ஒட்டாது என்று விற்கிற லிக்விட் லிப்ஸ்டிக்.

பதில்: அதில் சிலிக்கோன் பிசின் இருக்கும். பூசியதும் ஆவியாகிற கரைப்பான் போய், பிசின் மட்டும் படலமாக உறைந்துவிடும், அதனால்தான் உதட்டிலும் நிற்கிறது, துணியிலும் நிற்கிறது. இதற்கு ஸ்பிரிட்டைவிட, வாட்டர்ப்ரூஃப் மேக்கப் எடுக்க இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்குமே, குலுக்கிப் பயன்படுத்துகிற ரிமூவர், அது நன்றாக வேலை செய்யும். உதட்டிலிருந்து எதை வைத்து எடுக்கிறீர்களோ அதையே துணியிலும் முயலலாம். அந்த ரிமூவரே ஒரு எண்ணெய்க் கறையை விட்டுச்செல்லும், அதற்கு மறுபடி பாத்திர லிக்விட்.

கேள்வி: கறுப்பு பாலியெஸ்டர் கோட்டின் கழுத்தில் ஃபவுண்டேஷன். ஈர டிஷ்யூவால் துடைத்ததில் இப்போது டிஷ்யூ துகளும் சேர்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது மேடம்.

பதில்: டிஷ்யூவை மறந்துவிடுங்கள், எப்போதுமே வெள்ளைப் பருத்தித் துணிதான். துகள்கள் காய்ந்த பிறகு டேப் ஒட்டி எடுத்தால் வந்துவிடும்.

ஃபவுண்டேஷனின் தோல் நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும்தான், அதாவது மண் மாதிரியான தாதுப் பொடி. பிளீச் என்பது சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்து நிறம் இழக்க வைக்கிற விஷயம். ஏற்கெனவே ஆக்சைடாக இருக்கிற பொடியை அது என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் செய்யாது, கோட்டின் சாயம்தான் போகும். பொடியைப் பிடித்து வைத்திருக்கிற எண்ணெயையோ சிலிக்கோனையோ தளர்த்தினால் பொடி தானாகக் கிளம்பும். பாலியெஸ்டர் தண்ணீரை வெறுத்து எண்ணெயைக் கட்டிப்பிடிக்கிற நூல் என்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு கிண்ணத்தில் சில சொட்டு பாத்திர லிக்விடும் கொஞ்சம் நீரும் விட்டு நுரை வரும்படி கலக்கி, அந்த நுரையை மட்டும் மென்மையான டூத்பிரஷ்ஷால் எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தட்டுங்கள், ஈரத்துணியால் ஒத்தி எடுங்கள், திரும்பச் செய்யுங்கள். கோட்டுக்குள் திணிப்பும் லைனிங்கும் இருப்பதால் நனைய விடக் கூடாது, நனைந்தால் காய்ந்த பிறகு நீர்வட்டம் தெரியும், அது இன்னொரு தலைவலி.

கேள்வி: ஐஷேடோ பவுடர் கொட்டிவிட்டது, சட்டை முழுக்க.

பதில்: கையால் தட்டிவிடாதீர்கள், கைச்சூடும் வியர்வையும் பட்டால் ஒட்டிக்கொள்ளும். வெளியே கொண்டுபோய் உதறுங்கள், ஹேர் டிரையரில் குளிர்காற்று வைத்து ஊதுங்கள், மிச்சத்தை டேப்பால் எடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஈரம் கடைசியில்தான்.

கேள்வி: அக்கா, நெயில் பாலிஷ் கொட்டிய உடைக்கு அசிட்டோன் போடலாம் என்கிறார்கள். துணி என்னவென்று தெரியவில்லை, பளபளப்பாக வழுவழுவென்று இருக்கிறது.

பதில்: தெரியாத பளபளப்புத் துணி என்றால் கையை எடுங்கள்! அசிடேட், ட்ரைஅசிடேட் என்று இரண்டு நூல்கள் உண்டு, கோட் லைனிங்குகளிலும் பட்டு மாதிரித் தெரிகிற உடைகளிலும் வரும். அவற்றில் அசிட்டோன் பட்டால் துணியே கரைந்து ஓட்டை விழும், கறையோடு துணியும் போய்ச் சேரும். அசிட்டோன் இல்லாதது என்று போட்டிருக்கிற ரிமூவரையும் இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம், அதிலும் பெரும்பாலும் எத்தில் அசிடேட் மாதிரி வேறொரு கரைப்பான் இருக்கும். உடைக்குள் தைத்திருக்கிற லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லையென்றால் உள்தையலில் மடிந்திருக்கிற ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ விறைத்தாலோ அத்தோடு விட்டுவிட்டு ட்ரை கிளீனரிடம் கொடுங்கள்.

காட்டன் என்று உறுதியாகத் தெரிந்தால் பயமில்லை. பாலிஷின் படலம் நைட்ரோசெல்லுலோஸ், அசிட்டோனில் கரையும். லிப்ஸ்டிக்குக்குச் சொன்ன அதே கவிழ்த்துப் போடும் முறை, ஸ்பிரிட்டுக்குப் பதில் அசிட்டோன், துணியின் சாயம் இறங்குகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. அசிட்டோன் ஈரத்தோடு மெஷினிலோ டிரையரிலோ போடவே கூடாது, முழுக்கக் காற்றில் ஆவியாகி, அலசிய பிறகுதான். விளக்கொளியில் இறுக வைக்கிற ஜெல் பாலிஷ் இறுகியிருந்தால் அது கரையாது, ஊறி உரியும், அவ்வளவுதான். துணியில் பட்டது இன்னும் இறுகாமல் இருந்தால் அதிர்ஷ்டம், வெளிச்சத்திலிருந்து விலக்கி வைத்து உடனே ஸ்பிரிட்டால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அதே நெயில் பாலிஷ், ஆனால் கார்ப்பெட்டில்.

பதில்: ஈரமாக இருக்கும்போதே கரண்டி முனையால் அள்ளுங்கள், துடைத்தால் பரவும். பிறகு ரிமூவரைத் துணியில் நனைத்து ஒத்துங்கள், கார்ப்பெட்டில் ஊற்றாதீர்கள். அடிப்பக்கத்தில் இருக்கிற லேடெக்ஸ் பசையை அது இளக்கிவிடும், அப்புறம் அந்த இடம் கொப்பளம் போல எழும்பி நிற்கும்.

கேள்வி: வெள்ளைத் துணிகளில் துவைத்த பிறகுதான் ஆரஞ்சு நிறக் கறை வருகிறது. துவைக்குமுன் எதுவும் தெரிவதில்லை. பிளீச் போட்டேன், இன்னும் அடர்த்தியாகிவிட்டது. மெஷின் பழுதா?

பதில்: கழுத்து, கைப்பட்டை, டவல், இந்த இடங்களில்தானே வருகிறது? அப்படியென்றால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள், சன்ஸ்கிரீனைத்தான் பார்க்க வேண்டும். பாட்டிலைத் திருப்பிச் சேர்க்கைப் பட்டியலைப் படியுங்கள், அவோபென்சோன் என்று இருக்கும். சில இடங்களில் பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்று நீளமாக எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றே. இது தண்ணீரில் இருக்கிற இரும்போடு சேர்ந்து துரு நிறத்தில் ஒரு சேர்மத்தை உண்டாக்கும். அதனால்தான் பூசும்போது நிறமில்லாமல் இருந்தது, அலசிய பிறகு ஆரஞ்சாகிறது. ஆழ்குழாய் நீர் போல இரும்பு அதிகமுள்ள தண்ணீரில் இன்னும் மோசம். குளோரின் பிளீச் போட்டால் கறை குறையாது, உங்களுக்கு நடந்தது போல ஏறும்.

இதைத் துருக் கறை என்று நினைத்து நடத்துங்கள். சிட்ரிக் அமிலம் அல்லது ஆக்சாலிக் அமிலம் உள்ள துரு நீக்கி, பெட்டியில் சொன்ன அளவில், கையுறை போட்டுக்கொண்டு. பிளீச் போட்ட துணியை நன்றாக, திரும்பத் திரும்ப அலசிய பிறகுதான் அமிலம் பக்கம் போக வேண்டும், பிளீச்சும் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டில்லை. இனிமேல் வராமல் இருக்க, தண்ணீரில் போடுமுன் காய்ந்த துணியின் கழுத்திலும் கையிலும் பாத்திர லிக்விடைத் தடவி வைத்துவிட்டுத் துவையுங்கள், எண்ணெயோடு அவோபென்சோனும் போய்விடும். இதற்காக சன்ஸ்கிரீன் பூசுவதை நிறுத்த வேண்டாம், அவோபென்சோன் இல்லாததும் கிடைக்கிறது. துத்தநாக ஆக்சைடு வகை வெள்ளைத் தடம் விடும், ஆனால் அது வினிகர் கலந்த நீரிலேயே இளகிவிடும்.

கேள்வி: அக்குளில் மஞ்சளாக, விறைப்பாக ஆகிவிட்ட சட்டைகள்?

பதில்: வியர்வையை மட்டும் திட்டாதீர்கள், வியர்வையை அடக்குகிற ரோல்-ஆன்களில் இருக்கும் அலுமினிய உப்பும் சேர்ந்து செய்கிற வேலை இது. விறைப்புக்கு சிட்ரிக் அமிலமோ வினிகரோ கலந்த நீரில் அரைமணி ஊற வைத்து அலசிவிட்டு, வெள்ளையாக இருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வையுங்கள். இங்கேயும் குளோரின் பிளீச் மஞ்சளைக் கூட்டும். ரோல்-ஆன் காய்ந்த பிறகு சட்டை போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும்.

கேள்வி: நீல டவல், நீலத் தலையணை உறை இரண்டிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டுகள். எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை.

பதில்: வீட்டில் யாராவது முகப்பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு கிரீமோ ஃபேஸ்வாஷோ பயன்படுத்துகிறார்களா? அப்படியென்றால் அது கறை கிடையாது, சாயம் போன இடம். வெளியே போனதைத் துவைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. முழுத் துணியையும் அடர் நிறத்தில் மறுசாயம் போடலாம், இல்லையென்றால் தரை துடைக்க. கிரீம் பூசுகிறவருக்கு மட்டும் வெள்ளை டவலும் வெள்ளை உறையும் கொடுத்துவிடுங்கள், சாயமே இல்லாததில் எது போகும்?

கேள்வி: ஹேர் டை சொட்டிவிட்டது மேடம், வெளிர் நிற டி-ஷர்ட். நேற்று நடந்தது.

பதில்: நேற்று என்றால் நல்ல செய்தி சொல்ல முடியாது. நிரந்தர ஹேர் டையின் மூலப்பொருட்கள் சின்ன, ஏறக்குறைய நிறமற்ற மூலக்கூறுகள், நூலுக்குள் நுழைந்த பிறகு பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிதாகி அங்கேயே மாட்டிக்கொள்ளும். முடிக்குள் நடக்க வேண்டியது துணிக்குள் நடந்துவிட்டது. சொட்டிய சில நிமிடங்களுக்குள் குழாயடியில் பின்பக்கத்திலிருந்து நீர் பாய்ச்சி, லிக்விட் போட்டிருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். இப்போது லேபிளில் முக்கோணக் குறியைப் பாருங்கள். வெறும் முக்கோணம் என்றால் எந்த பிளீச்சும் போடலாம், உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாதது மட்டும், குறுக்கே அடித்திருந்தால் எதுவும் கூடாது. அனுமதி இருந்தால் சோடியம் பெர்கார்பனேட், அதாவது ஆக்சிஜன் பிளீச், 40 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில், இரவு முழுக்க. மங்கும், முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: டூத்பேஸ்ட், ஹேர் ஸ்பிரே, பேக்கிங் சோடாவோடு வினிகர், இதெல்லாம் உண்மையா அக்கா? வீடியோக்களில் பளிச்சென்று போகிறதே.

பதில்: டூத்பேஸ்ட்டில் இருப்பது தேய்ப்புப் பொடி, நூலைச் சுரண்டும், வெள்ளையாக வேறு தங்கும். ஹேர் ஸ்பிரே வேலை செய்வது அதில் இருக்கிற ஆல்கஹாலால்தான், கூடவே பிசினையும் ஒட்டிவிடும், அதற்குப் பேசாமல் ஸ்பிரிட்டையே போடலாமே. சோடாவும் வினிகரும் கலந்தால் நுரை பார்க்க அழகாக இருக்கும், அமிலமும் காரமும் ஒன்றையொன்று முடித்துக்கொண்டு உப்புநீர்தான் மிஞ்சும். தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் வேலை உண்டு, சேர்த்தால் இல்லை.

கேள்வி: பட்டு மேலாடையில் வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா. என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். பட்டு புரத நூல், குளோரின் பிளீச் அதை அரித்துவிடும், என்சைம் கலந்த டிடர்ஜென்டில் இருக்கிற புரதம் சிதைக்கும் என்சைம் நூலையே பதம்பார்க்கும், ஈரத்தில் தேய்த்தால் மினுமினுப்புப் போய் வெளுத்த தடம் விழும். மேலே அப்பியிருப்பதைக் காய்ந்த பிறகு மென்பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, மடிக்காமல் ட்ரை கிளீனரிடம் கொண்டுபோங்கள். அங்கே “ஏதோ கறுப்பாக இருக்கிறது” என்று சொல்லாமல், மஸ்காரா, வாட்டர்ப்ரூஃப், என்றைக்குப் பட்டது, வீட்டில் என்ன போட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, கண்மை பட்ட காட்டன் தலையணை உறையைக் கவனிக்காமல் மெஷினில் துவைத்து, சூடான டிரையரிலும் போட்டுவிட்டேன். இனிமேல்?

பதில்: கண்மையின் கறுப்பு பெரும்பாலும் கரித்தூளோ கறுப்பு இரும்பு ஆக்சைடோதான், இரண்டுமே பிளீச்சுக்கு மசியாது. சூட்டில் மெழுகு உருகி நூலுக்குள் இறங்கியிருக்கும், அதை மறுபடி இளக்க வேண்டும். கறைமேல் கொஞ்சம் மேக்கப் ரிமூவர் எண்ணெய் தடவி அரைமணி விடுங்கள், மேலேயே பாத்திர லிக்விட் விட்டு விரலால் பிசையுங்கள், நுரை சாம்பல் நிறமாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது, வெந்நீரில் அலசி நிழலில் காயவைத்து மறுபடி செய்யுங்கள். நுரை வெள்ளையாகவே வந்தால் அதற்குமேல் மெனக்கெட வேண்டாம், உறையைத் திருப்பிப் போட்டுத் தூங்குங்கள்.