மாரித் தண்ணீர் அடுத்த ஐப்பசி வரை நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு 20 அடிக்கு 25 அடி, ஓட்டுக் கூரை. ஆனி, ஆடியில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிடும். வீட்டில் ஐந்து பேர். 2,000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று சும்மா கிடக்கிறது. குடிக்க, சமைக்க மழைநீர் பிடிக்க அது போதுமா?
– வாசகி, கல்லடி

பதில்: போதாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 25 லீற்றர். 2,000 லீற்றர் 80 நாளில் தீர்ந்துவிடும். மாசியில் மாரி ஓய்ந்தால் நம்பக்கூடிய மழை மறுபடி ஐப்பசியில்தான். இடையில் 200 நாளுக்குக் குறையாமல் சமாளிக்க வேண்டும். ஆகவே 5,000 லீற்றர் தேவை. குளிக்க, உடுப்புத் துவைக்க இதைத் தொடாதீர்கள். அதற்குக் கிணறு இருக்கிறது.

கூரை உங்களுக்குத் தாராளம். சரிவை விட்டு, கீழே நிலத்தில் விழும் பரப்பை மட்டும் அளந்தால் 46 சதுர மீற்றர் வரும். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் விழும். ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதுமாக ஐந்திலொன்று போனாலும், 135 மில்லிமீற்றர் மழையில் 5,000 லீற்றர் சேரும். கார்த்திகை, மார்கழியில் நம் கிழக்குக் கரையில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகவே பெய்கிறது. பாதிக் கூரைக்குப் பீலி அடித்தாலே போதும். தென்னோலையும் முருங்கையிலையும் விழாத பக்கமாகப் பார்த்து அடியுங்கள். செலவும் பாதி, குப்பையும் பாதி.

பீலி 5 அங்குல பி.வி.சி. எடுக்கலாம். எட்டு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு, இரண்டு அடிக்கு ஒரு பிடி. பிடியைத் தூரத் தூர வைத்து மிச்சம் பிடித்த வீடுகளில்தான் பீலி நடுவில் தொய்ந்து, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. ஓட்டின் நுனி பீலிக்குள் மூன்றிலொரு பங்கு நீட்டி நிற்கட்டும். பெருமழையில் தண்ணீர் பீலியைத் தாண்டிப் பாய்வதும், சாரலில் பின்பக்கமாகச் சுவரில் வழிவதும் இந்த இடம் பிசகுவதால்தான்.

அடுத்து, முதல் தண்ணீரைக் கழித்தல். தாங்கியின் அளவைவிட இதுதான் முக்கியம் என்பது எங்கள் கணிப்பு. கச்சான் காற்றில் மாதக்கணக்காகச் சேர்ந்த புழுதியும் காக்கை எச்சமும் முதல் மழையில் ஒன்றாக இறங்கும். சதுர மீற்றருக்கு அரை லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றர் வரை கழிக்க வேண்டும். பாதிக் கூரைக்கு அது 12 முதல் 23 லீற்றர். பீலியிலிருந்து இறங்கும் 110 மில்லிமீற்றர் குழாயில், தாங்கிக்குள் தண்ணீர் போகும் மட்டத்தில் ஒரு ‘டீ’ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, கீழே ஏழடிக் குழாயை நிறுத்தி, அடியில் திருகு மூடி போடுங்கள். அந்தக் குழாய் 18 லீற்றர் பிடிக்கும். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் ‘டீ’ வழியாகத் தாங்கிக்குப் போகும். மூடியில் 3 மில்லிமீற்றர் துளை இட்டால் மழை விட்டதும் சொட்டுச் சொட்டாகக் காலியாகும். ஓட்டுத்தூள் அந்தத் துளையை அடைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைத் திருகிப் பார்க்கத்தான் வேண்டும். ஐப்பசியின் முதல் பெருமழையை மட்டும் முழுவதும் வெளியே ஓட விடுங்கள்.

மீதி 3,000 லீற்றருக்கு இன்னொரு பிளாஸ்டிக் தாங்கி வாங்கி, அடியில் குழாயால் இணைக்கலாம். 5,000 லீற்றர் ஐந்து தொன் பாரம். மணலை நன்றாக இடித்து இறுக்கி, அதன்மேல் கொங்கிறீற்றுத் தளம் போடாமல் வைத்தால் ஒரு பக்கம் தாழும். கோழிக்கூட்டு வலை வைத்துச் சீமெந்தில் கட்டும் பெரோ சீமெந்துத் தாங்கியும் நல்லது. ஆனால் கடல் மணலோ உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கலவையில் சேரக்கூடாது. உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். இரண்டு கிழமையாவது நனைத்த சாக்கு சுற்றி வையுங்கள். முதல் நிரப்பில் சீமெந்துக் காரம் இறங்கும், அதைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். கோடையிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும். அடியோடு காய்ந்தால் வெடிக்கும்.

எதையும் நிலத்துக்குள் புதைக்க வேண்டாம். மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறி, வெறுமையான தாங்கியைக் கிளப்பிவிடும். வெள்ளம் வந்தால் வாவித் தண்ணீரும் மலசலகூடத் தண்ணீரும் உள்ளே புகும்.

கேள்வி: தாங்கி வாங்க வசதியில்லை. கூரைத் தண்ணீரை அப்படியே கிணற்றுக்குள் விட்டால் உவர் குறையுமா?
– வாசகர், காரைதீவு

பதில்: நேரே விடாதீர்கள். கூரை அழுக்கு முழுவதும் கிணற்றில் இறங்கும். கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் குழி வெட்டி, அடியில் கருங்கல், மேலே சல்லி, அதன்மேல் மணல் போட்டு விடலாம். மலசலகூடக் குழி இருக்கும் பக்கம் கூடவே கூடாது.

ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கரையோர மணலில் மழை தானாகவே இறங்குகிறது. முற்றத்தைச் சீமெந்து பூசி மூடிய வளவுகளில்தான் குழியால் உண்மையான பயன். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது. உவர்த் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டாரால் ஒரே மூச்சில் இறைத்தால் அந்தப் படை மெலிந்து, உவர் கீழிருந்து எழும்பும். சிறிய மோட்டாரால், இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். குழியைவிட இது பலன் தரும்.

கேள்வி: மாசி மாதமே தாங்கித் தண்ணீர் மணக்கிறது, புழுவும் நெளிகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: குடிக்கிற தண்ணீரில் மண்ணெண்ணெயா? வேண்டாம். அந்தப் புழு நுளம்புக் குடம்பி. மூடி இறுக்கமாகவே இருந்தாலும் நிரம்பி வழியும் குழாயின் வாயால் நுளம்பு போகும். அதற்கு யாரும் வலை கட்டுவதில்லை. உள்வரும் வாய்க்கும் அதற்கும் நுண்ணிய வலை கட்டுங்கள். பச்சையாகப் பாசி பிடித்திருந்தால் வெளிச்சம் புகுகிறது என்று பொருள்: கறுப்புத் தாங்கியாக மாற்றுங்கள், அல்லது வெளிப்புறம் கறுப்புப் பெயின்ற் பூசுங்கள்.

மணத்துக்குக் காரணம் அடியில் அழுகும் இலைச்சேறு. எடுக்கும் குழாயை அடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்து, சேறு கழிக்க அடிமட்டத்தில் தனி வால்வு பூட்டுங்கள். இந்த வருடத் தண்ணீரைக் காப்பாற்ற, 30 சதவீதக் குளோரின் தூளில் 5,000 லீற்றருக்கு 35 கிராம் எடுத்து வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணித்தியாலம் விடுங்கள். குடிப்பதற்கு எப்படியும் கொதிக்க வைத்தே எடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள்.